ஏழாம் பாடத்தின் பரப்பளவு

ஆம்பூர் பைபாஸை ஒட்டி, ஒரு டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் தோல் தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சி மன்றம் நடந்துவந்தது. தொழிலாளர்கள் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பது மன்றத்தின் நோக்கம். அந்த நோக்கத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே தண்ணீர் கேன் இருந்ததால் தினமும் எல்லோரும் ஒரு தடவையாவது அதன் முன்னால் போய் நின்றார்கள். மன்றத்துக்கு ஒரு செயலாளரும் ஏழு குழுக்களும் ஓர் இணையவழிப் பாடத்தளமும் இருந்தன. வேலை செய்வதற்குச் செண்பகம் இருந்தாள்.

பாடத்தளத்தின் பெயர் பயில்தோழன். மன்றத்தில் சேர்ந்திருந்த எந்தத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரும் பயில்தோழனைப் போனில் திறந்து பன்னிரண்டு பாடங்களையும் பார்த்து முடித்தாக வேண்டும். முடித்தால் வாழ்த்துச் செய்தி வரும். வாசலில் செக்யூரிட்டியிடம் அதைக் காட்டினால் கேள்வி கேட்காமல் உள்ளே விடுவார். பதினொரு பாடங்கள் முக்கி முனகியாவது ஓடின. ஏழாவது பாடம் மட்டும் திறக்கும்போதே முப்பத்தெட்டு சதவீதத்தில் நின்றுவிடும். பழைய வடிவத்தில் எடுத்த வீடியோ அது. இப்போதைய போன், கம்ப்யூட்டர் எதுவும் அதைத் திறக்கவில்லை.

ஏழாம் பாடத்தின் தலைப்பு ‘குழிக்குள் இறங்குமுன்’. கழிவுநீர்க் குழியில் வாயு தங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஓரிரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும் என்று அதில் பதினோரு நிமிடம் சொல்லியிருந்தார்கள். அதில் கடைசி இரண்டு நிமிடம்தான் உயிர் காக்கும் சங்கதி. இறங்கியவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கக் கூடாது. கயிறு வர வேண்டும், காற்றுச் சிலிண்டர் வர வேண்டும், தீயணைப்புக்காரர்கள் வர வேண்டும். அதுவரை மேலேயே நிற்க வேண்டும். குழிச் சாவு பெரும்பாலும் ஒன்றோடு நிற்காததற்குக் காரணம், இரண்டாவது ஆள் நல்லவராக இருந்துவிடுவதுதான்.

செண்பகத்தின் புருஷன் இன்பராஜ் பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் தோலை ஊறவைத்துச் சுழற்றும் பெரிய டிரம்மை ஓட்டுகிறவன். குழியில் மோட்டார் அடைத்துக்கொண்டால் டிரம்காரர்களைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் ஏழாம் பாடம் நின்றுபோனது செண்பகத்துக்கு வெறும் ஆபீஸ் விஷயமாக இருக்கவில்லை. ஒருநாள் செயலாளர் பாக்யலட்சுமியின் மேசை முன்னால் போய் நின்றாள்.

“மேடம், பயில்தோழன் மொத்தத்தயும் புதுசாக்க பதினோரு நாள் போதும். ஒரு ஹார்டு டிஸ்க்கு வாங்கணும், ஆறாயிரத்து நானூறு. ஏழாம் பாடம் மட்டும்னா இன்னைக்கு மத்தியானமே முடிச்சிடுவேன்.”

பாக்யலட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முக்கியமான எதையும் அவர் கண்ணாடி இல்லாமல்தான் சொல்வார்.

“நீ சொல்றது கணக்கு, செண்பகம். கணக்கு யாரு வேணா போடலாம். மன்றத்துக்கு வேண்டியது மதிப்பீடு. எவ்ளோ நாள் ஆவும், எவ்ளோ செலவு ஆவும்னு தெரியாம எதயும் ஆரம்பிக்கக் கூடாது. அதத் தெரிஞ்சிக்க எவ்ளோ நாள் ஆனாலும் பரவால்ல.”

மூன்று மாதத்தில் மதிப்பீட்டுக் குழு அமைந்தது. தலைவராகக் கோவிந்தசாமி நியமிக்கப்பட்டார். முப்பத்து நான்கு வருடம் தோல் தரம் பிரித்தவர். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோலை ஒரு தடவை தேய்த்தால் கனம் எவ்வளவு, எந்தத் தரம், எந்த ஊர் ஆடு என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். கம்ப்யூட்டரை மட்டும் தொட்டதில்லை. அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘இத்துறையில் எவ்வித முன்முடிவும் இல்லாதவர்’ என்று நியமன ஆணையிலேயே பாராட்டியிருந்தார்கள்.

முதல் கூட்டத்தில் படிவம் ஒன்பதைப் பிரித்தார்கள். மன்றத்தில் மதிப்பீட்டுக்கு என்று இருந்தது அந்த ஒரு படிவம்தான். ஒரு காலத்தில் வெட்டுப் பயிற்சிக்குத் தோல் வாங்குவதற்காக அச்சடித்தது. அதில் மூன்றாவது கட்டம் ‘பரப்பளவு, சதுர அடியில்’. கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் செல்லாது என்று அடியில் சிவப்பு எழுத்தில் இருந்தது.

“வெப்சைட்டுக்கு ஏது சார் சதுர அடி?” என்றாள் செண்பகம்.

“எல்லாத்துக்கும் அளவு இருக்குதும்மா,” என்றார் கோவிந்தசாமி, கோபமே இல்லாமல். “அளவு இல்லாத சரக்குக்கு எப்படி காசு குடுக்கறது? அது ஊரான் வூட்டுக் காசு இல்லியா?”

கோவிந்தசாமி நாணயமான மனுஷர். அடுத்தவர் காசில் ஒரு டீ கூடக் குடித்ததில்லை. செண்பகத்துக்கு அவரை வெறுக்கவும் முடியவில்லை, அதுதான் பெரிய பேஜாராக இருந்தது.

ஆக, பயில்தோழனின் பக்கம் ஒவ்வொன்றையும் அச்செடுக்கச் சொன்னார்கள். நானூற்றுப் பன்னிரண்டு தாள் வந்தது. அதை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, தோல் அளக்கும் மெஷின் உள்ள ஒரு தொழிற்சாலைக்குப் போனார்கள். சென்னையிலிருந்து தருவித்த ஆலோசகர் ஒருவரும் கூடவே வந்தார். வாழ்நாளில் இப்படியொரு முறையைப் பார்த்ததில்லை என்று அவர் சொன்னது உண்மை. அந்த வியப்புக்கும் சேர்த்துப் பில் போட்டார்.

மெஷினில் தாள் ஒவ்வொன்றாக ஓடியது. ஒரு தாளுக்குச் சதுர அடியில் நூற்றுக்கு அறுபத்தேழு பங்கு காட்டியது. தோல் வியாபாரத்தில் கால் அடிக்குக் கீழே எழுதும் வழக்கம் கிடையாது. அதனால் முக்கால் என்று வைத்துக்கொண்டார்கள். கோவிந்தசாமி ஒவ்வொரு தாளையும் விரலால் தேய்த்துப் பார்த்து, புரட்டிப் போட்டு, பின்பக்க மூலையில் மெழுகுப் பென்சிலால் பூஜ்யம் போட்டு அதன் தலையில் குட்டியாக மூன்று எழுதினார். முக்கால் அடிக்குத் தோல்காரர்கள் போடும் குறி அது. நானூற்றுப் பன்னிரண்டு தாளிலும் எழுதினார். படம் உள்ள பக்கங்களுக்கு முதல் தரம் கிடைத்தது. அட்டவணை உள்ள பக்கங்களை, “கோடு விழுந்திருக்குது” என்று இரண்டாம் தரத்தில் போட்டார். பிரிண்டர் மை சிந்திய ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “உண்ணி கடிச்ச ஆடு” என்று தள்ளிவைத்தார்.

ஆறாம் பாடத்துக்குப் பிறகு எட்டாம் பாடம் வந்தது.

“ஏழு எங்கம்மா?”

“அது தெறக்காது சார். அதுக்குத்தான் இவ்ளோ வேலையும்.”

“தெறக்கலன்னா அச்சு வராது. அச்சு வரலன்னா அளவு இல்ல. அளவு இல்லாததுக்கு எஸ்டிமேட்ல எடம் இல்லம்மா.”

“சார், ரிப்பேர் பண்ண வேண்டியதே அது ஒண்ணுதான். ஒரு வெள்ளத்தாளயாவது அதுக்குப் பதிலா வச்சி அளந்துக்கோங்க.”

கோவிந்தசாமியின் முகம் சுருங்கிவிட்டது. “வெள்ளத்தாள வச்சி அளவ ஏத்தறதா? முப்பத்து நாலு வருசத்துல வராத தோலுக்கு நான் மார்க் போட்டதில்ல. என்னப் போயி இப்படிக் கேக்கலாமா?”

செண்பகம் மன்னிப்புக் கேட்டாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மொத்தம் முன்னூற்றொன்பது சதுர அடி வந்தது. வெட்டும்போது வீணாவதற்கு நூற்றுக்குப் பதினைந்து சேர்த்து முன்னூற்று ஐம்பத்தைந்தரை ஆக்கினார்கள். பாடத்தளத்தை யார் வெட்டப் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சதுர அடிக்கு ஒரு நாள் என்று ஆலோசகர் சொன்னார். அந்தக் கடைசி அரை நாள் காலையா மாலையா என்பதற்கு இரண்டு கூட்டம் ஆனது. சதுர அடிக்கு என்ன விலை என்று பேச்சு வந்தபோது கோவிந்தசாமி தொழில் தெரிந்தவராகப் பேசினார்.

“மெத்துனு இருக்கற தோலுக்கு விலை எப்பவும் ஜாஸ்தி. இது பேர்லயே மென்பொருள்னு இருக்குது. கம்மியா போட முடியாது.”

முப்பதாயிரம் என்று முடிவானது. மொத்தம் ஒரு கோடியே ஆறு லட்சத்து அறுபத்தைந்தாயிரம். செண்பகத்தின் ஆறாயிரத்து நானூறைக் குழு மறக்கவில்லை. ‘அனுபவமின்மையால் எழுந்த குறைமதிப்பீடு’ என்று அடிக்குறிப்பில் சேர்த்துக்கொண்டது.

“ரிப்போர்ட் மேல போயி வர்ற வரைக்கும் ஏழாம் பாடத்த மட்டும் நானே சரி பண்ணிடட்டுமா மேடம்? ஒரு மத்தியானம்தான்,” என்று செண்பகம் மறுபடி கேட்டாள்.

பாக்யலட்சுமி கோவிந்தசாமியைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். “மேசையில அளவுக்குப் போட்ட தோல யாரும் தொடக் கூடாது. லேசா இழுத்தாலும் அளவு மாறிடும். அப்பறம் போட்ட எஸ்டிமேட்டுக்கு இன்னா மரியாதை?”

பாடங்களை மாற்றும் கடவுச்சொல்லை ஓர் உறையில் போட்டு அரக்கு வைத்துப் பீரோவில் பூட்டினார்கள். சரி, வீடியோவை வாட்சப்பிலாவது அனுப்பலாமே என்று கேட்டுப் பார்த்தாள். மன்றத்தின் சொத்தைத் தெருவில் விடுவதா என்று அதட்டி அனுப்பினார்கள்.

இதற்கிடையில் முதலாளிமார் சத்தம் போட ஆரம்பித்தார்கள். ஏழாம் பாடத்தில் சிக்கி ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்கு வாழ்த்துச் செய்தி வரவில்லை. பயிற்சிக் கணக்கு முழுசாக இல்லாததால் வெளிநாட்டு ஆர்டர் நிற்கிறது. உடனே அவசரக் கூட்டம் நடந்தது. பாக்யலட்சுமி கண்ணாடியைக் கழற்றினார்.

“பாடம் தெறக்காதது தொழில்நுட்பக் கோளாறு. அதுக்காக ஏழைத் தொழிலாளிய ஃபெயிலாக்கறது நியாயமா? மன்றம் மனிதாபிமானத்தோட நடந்துக்கணும். எல்லாருக்கும் ஏழுல தேர்ச்சி குடுத்துடுவோம்.”

தேர்ச்சி கொடுக்க மதிப்பெண் வேண்டுமே? நூறு போட்டால் தணிக்கையில் சந்தேகம் வரும். தொண்ணூறு போட்டால் குத்துமதிப்பாகப் போட்டது போலத் தெரியும். தொண்ணூற்றிரண்டு என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். அதைத் தளத்தில் ஏற்றும் வேலை செண்பகத்தினுடையது. ‘அனைவரும்’ என்பதைத் தொட்டு, தொண்ணூற்றிரண்டு அடித்து, ‘தேர்ச்சி’யை அழுத்தினாள். ஆயிரத்து நூற்று நாற்பது போன்களுக்கு வாழ்த்துப் போயிற்று. அழுத்தும்போது கை கூசியது. ஆனாலும் அழுத்தினாள், மாதச் சம்பளம் வாங்குகிற கை அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மன்றத்தின் சொத்தைப் பென்டிரைவில் திருடிக்கொண்டு வந்து வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் இன்பராஜுக்குப் போட்டுக் காட்டினாள். அவன் கருவாட்டுக் குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்தான். கடைசி இரண்டு நிமிடத்தில் பிசைவதை நிறுத்திவிட்டான். மறுநாள் வேலையில் தன் தோஸ்த் சமீருல்லாவிடம் அத்தனையும் சொன்னான். இருவரும் ஒன்பது வருடமாக ஒரே டிரம்மில் நிற்பவர்கள். சமீருல்லா சிரித்துக்கொண்டே போனை எடுத்து நீட்டினான்.

“ஏழாம் பாடத்துல தொண்ணூத்திரண்டு மார்க்குடா நானு. உனக்கு எவ்ளோ?”

“எனக்கும் தொண்ணூத்திரண்டுதான்.”

“அப்பறம் இன்னாத்துக்குடா எனக்கு க்ளாஸ் எடுக்கற?”

ஐந்து வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, குழியில் மோட்டார் அடைத்துக்கொண்டது. கோபி என்கிற டிரம்காரன் இறங்கினான். நாலாவது படியிலேயே தலை தொங்கி, குறுக்கே போன குழாயின் மேல் விழுந்து கிடந்தான். சமீருல்லா லுங்கியை மடித்துக் கட்டினான். இன்பராஜ் அவன் சட்டையைப் பிடித்து, “வேணாண்டா, கயிறு வரட்டும்” என்று கத்தினான். சமீருல்லா உதறிக்கொண்டு இறங்கினான். பாதியில் கை விட்டுப்போய், கோபியையும் தாண்டி நேராக அடியில் போய் விழுந்தான். இன்பராஜ் மேலேயே நின்றான். தீயணைப்பு வண்டி வர இருபத்தாறு நிமிடம் ஆனது. அத்தனை நிமிடமும் நின்றான். குழாயில் கிடந்த கோபி பிழைத்துக்கொண்டான். சமீருல்லா போய்விட்டான்.

இன்பராஜ் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு சட்டைப் பை இருந்தது.

“இறுக்கிதான் புடிச்சேன், செண்பகம். பை மட்டும் பிச்சிக்கினு வந்துடுச்சி.”

கூட்டாளி சாவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவன் என்று மூன்று நாளில் தெரு முழுக்கப் பேர் வந்துவிட்டது. டீக்கடையில் அவன் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஆட்கள் எழுந்து போனார்கள். ஏழாம் பாடத்தை உண்மையிலேயே படித்துத் தேறியவன் அந்த ஊரில் அவன் ஒருத்தன்தான். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மன்றத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பாக்யலட்சுமி கண்ணாடி இல்லாமல் பேசினார். “நம்மள விட்டுப் பிரிஞ்ச சமீருல்லா நம்ம மன்றத்தோட சிறந்த மாணவர்கள்ல ஒருத்தர். குழிப் பாதுகாப்புல தொண்ணூத்திரண்டு மதிப்பெண் எடுத்தவர். இவ்ளோ நல்லாப் படிச்ச ஒருத்தர் பாடத்த மீறினது மன்றத்துக்கு ஆறாத வேதனை.” இரண்டு நிமிட மௌனத்துக்குப் பிறகு மதிப்பீட்டறிக்கையின் இறுதி வடிவத்தை நிறைவேற்றினார்கள். அதில் ஏழாம் பாடத்துக்கு ஒரு வரி சேர்ந்திருந்தது. ‘நூறு சதவீதத் தேர்ச்சி பெற்ற ஒரே பாடம் இதுவே என்பதால் மாற்றம் தேவையில்லை.’

பதினைந்தாம் நாள் சமீருல்லாவின் மனைவி பில்கிஸ் மாடி ஏறி வந்தாள். கையில் தொழிற்சாலை கொடுத்த கடிதம். பயிற்சி பெற்று உயர் மதிப்பெண்ணும் எடுத்த தொழிலாளி தெரிந்தே விதியை மீறியதால் நஷ்ட ஈடு கேட்க வழியில்லை என்று அதில் எழுதியிருந்தது. திருப்பத்தூரில் விசாரணை நடக்கப் போகிறது, சான்று இருந்தால் கொண்டு வரலாம் என்றும் இருந்தது.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவரு அந்தப் பாடத்தப் பாத்தாரா?”

“இல்லம்மா. யாருமே பாக்கல.”

“அப்போ மார்க்கு?”

“நான் போட்டது.”

பில்கிஸ் திட்டியிருந்தால் செண்பகத்துக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். “அத எழுதிக் குடுப்பீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

செண்பகம் முதலில் பாக்யலட்சுமியிடம் போனாள். ஒரே ஒருவருடைய தொண்ணூற்றிரண்டை எடுத்துவிட்டு, அவர் பாடத்தைப் பார்க்கவில்லை என்று திருத்த அனுமதி கேட்டாள்.

“தளத்துல எதத் திருத்தினாலும் அது மேம்படுத்தல். மேம்படுத்தல்னா மதிப்பீடு வேணும். குழு உக்காந்து எவ்ளோ நாள் ஆவும்னு சொல்லட்டும்.”

“விசாரணை வர்ற புதன்கிழம மேடம்.”

“அது அவங்க அவசரம்.”

செண்பகம் தன் மேசையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் கையாலேயே எழுதினாள். ஏழாம் பாடம் திறக்காது என்பது, யாரும் பார்க்கவில்லை என்பது, தொண்ணூற்றிரண்டு எப்படி வந்தது, யார் சொன்னார்கள், யார் அழுத்தினார்கள், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மன்றத்தின் முத்திரை இல்லாத தாள் விசாரணையில் நிற்குமோ நிற்காதோ என்ற பயத்தில் அதைக் குழுவிடமே கொண்டுபோனாள். முத்திரை கோவிந்தசாமியிடம் இருந்தது. இனி வரும் மதிப்பீடுகளுக்கென்று மன்றம் சொந்தமாக ஓர் அளவு மெஷினும் வாங்கி அவர் பக்கத்தில் போட்டிருந்தது.

கோவிந்தசாமி தாளை வாங்கினார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தார். மெஷினில் ஓட்டினார். புரட்டிப் போட்டு, பின்பக்க மூலையில் பூஜ்யம் போட்டு, அதன் தலையில் குட்டியாக மூன்று எழுதினார். “மை ஊறியிருக்குது. ரெண்டாம் தரம்,” என்று மேசைமேல் வைத்தார். எழுதிய பக்கம் கீழே இருந்தது.

“படிங்க சார்,” என்றாள் செண்பகம்.

“முன்பக்கம் என் வேல இல்லம்மா.”

வாசலில் நின்ற பில்கிஸ் அந்தக் குறியைப் பார்த்துவிட்டு, “அது இன்னா நம்பர்க்கா?” என்று கேட்டாள்.

செண்பகம் கையை நீட்டி மேசையிலிருந்த தாளை எடுத்தாள்.

“அளவுக்குப் போட்டத எடுக்கக் கூடாதும்மா!” கோவிந்தசாமி எழுந்தே விட்டார். நியாயமாகவே பதறிப்போனார் மனுஷர். அவள் அதற்குள் படி இறங்கியிருந்தாள். அன்று சாயங்காலம் மன்றத்தின் இருப்பில் முக்கால் அடி குறைந்தது. சுருக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். மறுநாள் மன்றத்தின் ஆள் கணக்கிலிருந்து செண்பகத்தையும் குறைத்தார்கள், அதற்குக் காரணம் எழுதவில்லை.

புதன்கிழமை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு இன்பராஜும் வந்தான். பில்கிஸ் முகத்தைப் பார்க்க முடியாமல் தள்ளி நின்று, காகிதத்தில் சுற்றிய சட்டைப் பையை நீட்டினான். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க நின்னீங்க பாருங்க அண்ணா, அந்த மாதிரி அவரும் நின்னிருக்கலாம்,” என்றாள். இன்பராஜ் அன்றைக்குத்தான் அழுதான், பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்க.

திருப்பத்தூரில் விசாரணை அதிகாரி தாளை வாங்கி, முன்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

“ஆயிரத்து நூத்தி நாப்பது பேருக்கும் நீங்கதான் தேர்ச்சி போட்டீங்களா?”

“ஆமா சார்.”

“எவ்ளோ நேரம் ஆச்சி?”

“நாலு செகண்டு சார்.”

அவர் எழுதிக்கொண்டார். கூட்டவில்லை, கால் அடிக்கு ஏற்றவில்லை, வீணாவதற்குச் சேர்க்கவில்லை. செண்பகம் சொன்ன ஒரு கணக்கைச் சொன்னபடியே ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.